மொட்டை மாடியில் ஸ்ட்ராபெர்ரி: குழாய் வாங்குவதற்கு முன்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கு மண்ணில்லாத் தோட்டங்களை அமைத்துத் தரும் தோட்டக்கலை ஆலோசகராக இருக்கும் எனக்கு, ஸ்ட்ராபெர்ரி பற்றிய அழைப்புகள் மார்ச் மாதத்தில்தான் மிகுதியாக வருகின்றன. டிசம்பரில் செடி நன்றாக இருந்தது, பூத்தது, நாலைந்து பழமும் கிடைத்தது, இப்போது மட்டும் வெயில் ஏறியதும் இலை துவண்டு விடுகிறது, உரம் போதவில்லையா என்று கேட்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால், மொட்டை மாடியில் செடிகளைத் துளைகளில் நட்டு, உரம் கரைத்த நீரை ஓடவிடும் வெள்ளைக் குழாய் நடுப்பகலில் கைவைக்க முடியாத சூட்டில் கிடக்கும். செடியைத் துளையிலிருந்து தூக்கினால், வெண்மையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, விரலால் உருவியதும் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் மிஞ்சும். உரம் போதவில்லை என்று எண்ணி ஊற்றியதில் கரைசலின் செறிவோ இரண்டு மடங்காகியிருக்கும்.

இது உரக் குறைபாடன்று. வேர் மூச்சுத் திணறியதன் விளைவு. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே வேளையில் சூடேறிய வேருக்கு முன்னைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் அந்த இடைவெளியில்தான் பித்தியம் என்னும் வேரழுகல் நுண்ணுயிரி நுழைகிறது. ஆகவே ஊட்டக்கரைசலை 18 முதல் 22 டிகிரிக்குள் வைத்திருக்க இயலுமா என்பதே நீங்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

இக்காரணத்தால், மெல்லிய நீரோட்டம் ஓடும் குழாய் அமைப்பை நம் சமவெளி மாடிகளில் ஸ்ட்ராபெர்ரிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கீரைக்கு அது பொருந்தலாம். முப்பது, நாற்பது நாளில் அறுவடை முடிந்துவிடும். ஸ்ட்ராபெர்ரியோ ஐந்தாறு மாதம் அங்கேயே வாழ வேண்டிய செடி. ஒரு பிற்பகல் மின்வெட்டில் பம்ப் நின்றாலும் குழாயிலுள்ள வேர் காய்ந்துவிடும். தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைக் கல் துகளும் கலந்து நிரப்பிய பையிலோ வாளியிலோ நட்டு, சொட்டுக் குழாய் வழியே கரைசலைக் கொடுத்தால், அந்த நார்க்கழிவே வேருக்கு ஈரச் சேமிப்பாகவும் வெப்பத் தடுப்பாகவும் அமைகிறது. கரைசல் தொட்டியை நிழலில், மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றினுள் வையுங்கள். 40 லிட்டர் கரைசலில் இரண்டு லிட்டர் பனிக்கட்டிப் பாட்டில் ஒன்றை மூடியோடு போட்டால் நான்கைந்து டிகிரி இறங்கும். ஆனால் சில மணி நேரத்தில் சூடு திரும்பிவிடும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களை இந்த வித்தையைக் கொண்டு கடக்க முயல வேண்டாம்.

பருவத்தை மகாராஷ்டிரத்து மகாபலேஷ்வரிடமிருந்து கற்கலாம். 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற அதன் ஸ்ட்ராபெர்ரி, 1,300 மீட்டர் உயரத்திலேயே செப்டம்பர், அக்டோபரில் நடப்பட்டுக் குளிர்காலத்தில்தான் காய்க்கிறது. விண்டர் டான், ஸ்வீட் சார்லி, கமரோசா போன்ற, நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் ரகங்கள் பகல் குறுகி இரவு குளிரும்போது மொட்டு வைப்பவை. கோவையில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 18, 19 டிகிரியைத் தொடுவதால் ஒரு சிறு பருவம் கிடைக்கிறது. சென்னையில் அதுவும் சுருங்கிவிடுகிறது. கோத்தகிரி, கொடைக்கானல் வீட்டார் இந்தப் பத்தியைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். உப்பைச் சிறிதும் பொறுக்காத பயிர்களின் வரிசையில் ஸ்ட்ராபெர்ரி முன்னணியில் நிற்கிறது. அதற்கான ஊட்டக்கரைசலில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் மின்கடத்துத்திறனை 1.0 முதல் 1.4 mS/cm வரை வைப்பது என் வழக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரைந்த உப்பை பி.பி.எம். கணக்கில் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 1,000 காட்டினால், மின்கடத்துத்திறனாக மாற்றிப் பார்க்கையில், ஒரு துளி உரம் ஊற்றும் முன்பே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இத்தொல்லை இல்லை. மற்றவர்கள் மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்த வேண்டும். சிக்கனம் கருதி ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நீக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது என்பதால், இச்செடிக்கு அது ஆகவே ஆகாது. நார்க்கழிவிலும் சோடியம் இருக்கும். பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, மீண்டும் அலசிய பின்னரே நட வேண்டும்.

உரக்கடையில் எளிதாகக் கிடைக்கிறதென்று, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் கலந்த 19:19:19 உரத்தைக் கரைத்து ஊற்றுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதிலுள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் அதை உடைத்து நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் சுத்தமான கரைசல் தொட்டியில் போதிய அளவில் இருப்பதில்லை. அதில் கால்சியமும் கிடையாது; இளந்தளிரின் நுனி கருகிச் சுருங்குவது பெரும்பாலும் அந்தக் குறையினால்தான். கால்சியம் நைட்ரேட்டை ஒரு பாட்டிலிலும், மெக்னீசியம் சல்பேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் முதலியவற்றை இன்னொரு பாட்டிலிலும் தனித்தனியே வைத்து, தண்ணீர் நிறைந்த தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலக்க வேண்டும். அடர்நிலையிலேயே இரண்டையும் சேர்த்தால் சுண்ணாம்பு போல அடியில் படிந்துவிடும். அந்தப் படிவு செடிக்குப் பயன்படாது. கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.5-க்கும் 6.2-க்கும் இடையில் இருக்கட்டும். அதைக் குறைக்க அமிலம் சேர்க்கையில் கையுறை அணிந்து, தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டுமேயன்றி அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது.

விதை வாங்க வேண்டாம். நீல நிற, கறுப்பு நிறப் பழங்களின் படத்தோடு இணையத்தில் விற்கப்படும் விதைப் பொட்டலங்களில் உள்ளது எதுவாக இருந்தாலும் நீல ஸ்ட்ராபெர்ரியாக இராது. அப்படியொரு பழமே கிடையாது. உண்மையான விதையாகவே இருந்தாலும், கலப்பின ரகத்தின் விதை தாயைப் போலப் பிறப்பதில்லை. காய்க்கும் அளவுக்கு வளரவும் பல மாதங்களாகும். நம்பகமான நாற்றுப்பண்ணையில், தாய்ச்செடியிலிருந்து படர்ந்து வேர்விடும் ஓடுதண்டின் நாற்றோ திசு வளர்ப்பு நாற்றோ போதும். நடும்போது இலைகள் கிளம்பும் குருத்துப்பகுதியைப் புதைத்துவிடாதீர்கள். அது மூழ்கினால் அழுகிவிடும். பழப் பருவத்தில் கிளம்பும் ஓடுதண்டுகளை இரக்கமின்றி வெட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பழம் கோணலாக, ஒரு பக்கம் சப்பையாக வந்தால், அதை நோய் என்று அஞ்சி மருந்து தேடுகிறார்கள். பழத்தின் மேல் விதை போலத் தெரிபவைதாம் தாவரவியலின்படி உண்மையான கனிகள். நாம் உண்பது பருத்த பூத்தளத்தை. மகரந்தம் சேர்ந்த ஒவ்வொரு மணியும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து, தன் அடியிலுள்ள சதையைப் பருக்கச் செய்கிறது. 1950-இல் நிட்ச் என்னும் தாவரவியலாளர் அந்த மணிகளை அகற்றிப் பார்த்தபோது, அகற்றிய பக்கம் பருக்காமலே நின்றது. தேனீ வராத பால்கனியில் மகரந்தம் சேர்க்கும் வேலை நம்முடையது: பூ விரிந்த நாட்களில், வெயில் ஏறிய முற்பகலில், மென்மையான ஓவியத் தூரிகையால் பூவின் நடுவைச் சுற்றி மூன்று நாள் தடவிவிட வேண்டும். இதைத் தொடங்கிய வீடுகளில் பழத்தின் வடிவம் அடுத்த கொத்திலேயே மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேன் வரும். இலையின் அடிப்புறத்தை வாரமொரு முறை தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நன்கு பராமரித்த செடி ஒரு பருவத்தில் 200 முதல் 300 கிராம் வரை தரும்; பன்னிரண்டு செடிகளுக்கு மூன்று கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். செலவைப் பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவு. ஆனால் ஸ்ட்ராபெர்ரி பறித்த பின் மேலும் இனிப்பதில்லை. தொலைதூரச் சந்தைக்காக முக்கால் பழுத்த நிலையில் பறிக்கப்படுவதையும், காம்பு வரை சிவந்த பின் காலையில் பறிப்பதையும் அடுத்தடுத்து உண்டு பார்த்தவர்கள் செலவைப் பற்றி என்னிடம் மறுபடி கேட்டதில்லை. என் மாடியில் மார்ச் இறுதியில் செடிகளை எடுத்துவிட்டு, அதே பைகளை அலசி, நிழல்வலைக்குக் கீழே புதினா போட்டுவிடுகிறேன். அடுத்த நாற்றுக்கு அக்டோபரில்தான் சொல்லி வைப்பேன்.