நேர்க்கயிறு பிடித்து எழுப்பிய வளைந்த சுவர்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். நிற்காது, துவண்டு விழும். அதே தாளை விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடித்து நிறுத்துங்கள், இப்போது நிற்கும், மேலே ஒரு சின்னப் புத்தகத்தை வைத்தாலும் தாங்கும். தாள் அதேதான், எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. மாறியது வடிவம் மட்டும்தான்.

தென் அமெரிக்காவின் உருகுவேயில் எலாடியோ டியெஸ்தே என்ற எஞ்சினியர் இந்தத் தாள் வித்தையைச் செங்கல்லில் செய்தார், அதுவும் ஒரு சிற்றூரில் கட்டிய தேவாலயத்தில். அலை அலையாக நெளியும் அந்தச் சுவர்களின் படத்தைப் பார்க்கிற பலரும் இதை ஒரு கலைஞனின் கற்பனை என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு, ஏனென்றால் அந்த நெளிவு ஒவ்வொன்றும் அங்கே ஒரு வேலை பார்க்கிறது, அந்த வேலை என்னவென்று புரிந்த பிறகு பார்த்தால்தான் அந்தக் கட்டடத்தின் அழகு முழுசாகத் தெரியும்.

டியெஸ்தே 1917-ல் பிரேசில் எல்லையை ஒட்டிய ஆர்த்திகாஸ் என்ற ஊரில் பிறந்தவர். 1943-ல் தலைநகர் மொண்டேவீடியோவில் எஞ்சினியரிங் படித்து முடித்தார். கட்டடக்கலைப் பட்டம் அவரிடம் இல்லை. 1946-ல் அன்டோனியோ போனெட் என்ற கட்டடக்கலைஞர் புந்தா பல்யேனா கடற்கரையில் ஒரு வீடு கட்டினார், அதற்கு மெல்லிய வளைவுக்கூரை வேண்டும், கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்று இவரிடம் வந்தார். கான்கிரீட்டுக்குப் பதிலாகச் செங்கல்லை ஒரே அடுக்காகப் பரப்பி, இணைப்புகளுக்குள் கம்பி ஓட்டிக் கட்டலாமே என்றார் டியெஸ்தே. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அங்கே பிடித்த செங்கல்லை அவர் கடைசிவரை விடவில்லை.

ஏன் செங்கல் என்பதற்கு அந்த நாட்டின் நிலைமையும் ஒரு காரணம். உருகுவேயில் நல்ல களிமண் உண்டு, செங்கல் சூளை உண்டு, கை தேர்ந்த கொத்தனார்களும் உண்டு. இரும்புக்குத்தான் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அதனால் இரும்பை எங்கே தவிர்க்கவே முடியாதோ அங்கே மட்டும் வைத்து, மிச்ச வேலையை வடிவத்திடம் ஒப்படைத்துவிடுவது என்பது அவருடைய வழியாயிற்று. மொந்தான்யெஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 1950-களில் ஒரு நிறுவனம் தொடங்கினார், அவர்கள் கட்டியதில் பெரும்பகுதி தானியக் கிடங்குகள், தொழிற்சாலைக் கூரைகள், பஸ் நிலையங்கள். தேவாலயங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் அந்தத் தேவாலயங்களைப் புரிந்துகொள்ள முதலில் கிடங்குக் கூரையில்தான் ஏற வேண்டும்.

ஒரு சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது தானாகவே ஒரு வளைவில் வந்து அமரும். சங்கிலியால் வளைந்து எதிர்க்க முடியாது, இழுவிசையை மட்டுமே தாங்கும், அதனால் தன் எடைக்கு எந்த வடிவம் பொருந்துமோ அதை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் இழுவிசை இருந்த இடமெல்லாம் அமுக்குவிசை ஆகிவிடும். தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் அதுவே நிற்கும் வளைவு என்று 1675-லேயே ராபர்ட் ஹூக் எழுதிவைத்தார். செங்கல்லுக்கு இது பிறவிப் பொருத்தம். செங்கல்லை இழுத்தால் பிரியும், அமுக்கினால் பாறைபோல நிற்கும். இப்படி ஒரு கூரையைக் கட்டினால் அதன் சொந்த எடை முழுவதும் அமுக்குவிசையாகவே இரு பக்கமும் இறங்கிப் போய்விடும்.

சரி, அப்படியானால் ஒரு செங்கல் தடிமனில் எவ்வளவு அகலத்துக்கு வேண்டுமானாலும் கூரை போட்டுவிடலாமா? முடியாது. செங்கல் நசுங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், இந்தக் கூரைகளில் செங்கல்மேல் ஏறும் அழுத்தம் அது தாங்கக்கூடியதில் சிறு பங்குதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை நிறுத்திவைத்து மேலிருந்து அமுக்கினால் அது நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் பிதுங்கி வளைகிறதே, அதே கதிதான் மெல்லிய வளைவுக்கூரைக்கும் வரும். இதைத் தடுக்கத் தடிமனைக் கூட்டலாம், இரண்டு மடங்கு ஆக்கினால் இப்படிப் பிதுங்கி வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்கு ஏறும், ஆனால் எடையும் இரண்டு மடங்கு ஏறிவிடும்.

டியெஸ்தே தடிமனைத் தொடவே இல்லை. கூரையைக் குறுக்கே எங்கே வெட்டினாலும் கவிழ்த்த சங்கிலி வளைவுதான் இருக்கும், ஆனால் அந்த வளைவின் உயரம் கூரையின் நீளவாக்கில் கூடிக்கூடிக் குறையும்படி செய்தார். ஆக, குறுக்கே பார்த்தால் வில், நீளத்தில் பார்த்தால் அலை. விசிறி மடிப்புத் தாளின் அதே சங்கதி. கௌஸ் என்ற கணித மேதையின் பெயரால் இதைக் கௌஸ் வளைவுக்கூரை என்று அழைத்தார். மொண்டேவீடியோ துறைமுகத்தில், கூரையை இழந்து நின்ற ஒரு பழைய கிடங்கின் சுவர்களை இடிக்காமல் வைத்துக்கொண்டு, 1970-களின் கடைசியில் அவர் போட்ட கூரை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 50 மீட்டர் தாண்டுகிறது. தடிமன் ஒரு சாண்கூட இல்லை. ஒரு அலையின் மேல் விளிம்புக்கும் அடுத்த அலையின் கீழ் விளிம்புக்கும் நடுவில் விட்ட இடைவெளி வழியாகவே வெளிச்சமும் வந்துவிடுகிறது.

கட்டும் முறையையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். முதலில் கூரையின் ஒரு துண்டு அளவுக்கு மட்டும் மரத்தில் சென்ட்ரிங், அதாவது கூரை இறுகும்வரை அடியில் தாங்கும் அச்சு, அடிப்பார்கள், தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. அதன்மேல் மெல்லிய மரச்சட்டங்கள் பதித்திருக்கும், செங்கல் எங்கே உட்கார வேண்டும் என்று அவை காட்டும், கீழ்ப்பக்கம் கலவை ஒழுகாமலும் தடுக்கும். செங்கல்லைப் பரப்பி, இணைப்புப் பள்ளங்களில் மெல்லிய கம்பியை ஓட்டி, கலவையை நிரப்பி, மேலே ஒரு மெல்லிய பூச்சு. இதில் ஒரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. கான்கிரீட் கூரை என்றால் மொத்தக் கூரையும் ஈரமான குழம்பு, அது இறுகும்வரை நாள்கணக்கில் சென்ட்ரிங்கைத் தொட முடியாது. இங்கே கூரையின் பெரும்பகுதி ஏற்கெனவே சூளையில் வெந்து கெட்டியான செங்கல், இறுக வேண்டியது நடுவில் உள்ள கொஞ்சம் கலவை மட்டும்தான். அது பிடித்துக்கொண்டதும் சென்ட்ரிங்கைக் கீழே இறக்கி, நகர்த்தி, அடுத்த துண்டுக்குப் போய்விடலாம். விலை உயர்ந்த சாரத்தை ஒரே ஒரு துண்டு அளவுக்குச் செய்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் செலவு எவ்வளவோ இறங்கிவிடும்.

இன்னொரு வகைக் கூரையும் உண்டு. பீப்பாயைப் பாதியாக அறுத்த மாதிரி நீளமாக ஓடும், பக்கச் சுவரே இல்லாமல் தூண்கள்மேல் உத்தரம் போல நிற்கும், முனையில் வெகுதூரம் வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். அப்படி நீட்டும்போது மேல்பகுதி இழுபடும், செங்கல்லோ இழுவிசையைத் தாங்காது, அதனால் முன்கூட்டியே கம்பியை இழுத்து இறுக்கிச் செங்கல்லை அமுக்கி வைக்க வேண்டும். அதற்கு வழக்கமாகக் கனரக ஜாக்கிகளும் விசேஷப் பூட்டுகளும் தேவைப்படும். டியெஸ்தே என்ன செய்தார் தெரியுமா, கூரை முதுகில் கம்பியை நீண்ட வளையமாகப் போட்டு இரண்டு முனையையும் கலவையில் பதித்துவிட்டு, நடுவில் இரண்டு இழைகளையும் ஒரு சின்ன ஜாக்கியால் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுத்துக் கிள்ளிக் கட்டினார். துணி காயப்போட இறுக்கிக் கட்டிய கயிற்றின் நடுவில் விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், முனைகளில் உள்ள முடிச்சு எப்படித் திணறும் என்று தெரியும். கயிறு பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் வளைந்தால் அதற்குள் ஏறும் இழுவிசை, நீங்கள் கொடுத்த விசையைப்போல சுமார் ஐந்து மடங்கு. சாதாரண ஜாக்கியை வைத்துக்கொண்டே பெரிய இயந்திரத்தின் வேலையை வாங்கிவிட்டார். சால்தோ நகரில் ஒற்றைத் தூணின்மேல் இரண்டு இறக்கையையும் விரித்து நிற்கும் அவருடைய செங்கல் கூரைக்குக் கடற்பறவை என்றே பெயர்.

இப்போது தேவாலயத்துக்கு வருவோம். மொண்டேவீடியோவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் எஸ்தாசியோன் அட்லாந்திதா என்ற சின்ன ஊர், எளிய உழைப்பாளிகள் வாழ்ந்த இடம். அங்கே ஒரு தேவாலயம் கட்ட டியெஸ்தேவைக் கேட்டார்கள். கிடங்கு கட்டத் தெரிந்தவரிடம் ஒரு கிடங்குக் கூரை போதும் என்று எதிர்பார்த்திருந்தால்கூட அதில் தப்பில்லை. ஆழ்ந்த கத்தோலிக்கரான அவர் அப்படி விட்டுவிடவில்லை, கையில் இருந்த அதே செங்கல்லையும் அதே கொத்தனார்களையும் வைத்துக்கொண்டு தன் திறமை முழுவதையும் அங்கே கொட்டினார். 1958-ல் தொடங்கி 1960-ல் முடிந்தது. அந்தக் கட்டடமே தனக்குக் கட்டடக்கலைப் படிப்பாக அமைந்தது என்ற பொருளில் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பக்கச் சுவர்கள் 7 மீட்டர் உயரம், 30 செண்டிமீட்டர் தடிமன். தரையில் சுவர் நூல் பிடித்தாற்போல நேராகத் தொடங்குகிறது. மேலே போகப்போக நெளிவு பிறந்து, உச்சியில் முழு அலையாக உள்ளும் வெளியுமாக வீசுகிறது. இப்படி ஒரு சுவரைக் கொத்தனார் எப்படிக் கட்டினார்? தரையில் ஒரு நேர்க்கோடு போட்டார்கள். 7 மீட்டர் உயரத்தில் அலை வடிவத்தில் ஒரு மரச்சட்டத்தை நிறுத்தினார்கள். கீழே ஒரு புள்ளி, அதற்கு நேர் மேலே அலைச்சட்டத்தில் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே விறைப்பாக ஒரு கம்பி. இப்படி வரிசையாகக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் நேராகத்தான் இருக்கிறது, சாய்வு மட்டும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுகிறது. கொத்தனார் செய்ய வேண்டியது அந்தக் கம்பியை ஒட்டிச் செங்கல்லை வைத்துக்கொண்டே போவது மட்டுமே, வளைவைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். நேர்க்கோடுகளாலேயே பின்னிய வளைபரப்பு என்று கணிதத்தில் இதற்குத் தனி வகையே உண்டு.

கீழே நேராகவும் மேலே அலையாகவும் இருப்பது ஏன், தலைகீழாக ஏன் இல்லை? மதில்சுவர் மாதிரி தனியாக நிற்கும் சுவர் என்றால் காற்று தள்ளும்போது அடியில்தான் அதிகத் திணறல் வரும், அப்போது அடிப்பாகம்தான் அகலமாக இருக்க வேண்டும். ஆனால் இங்கே சுவரும் கூரையும் உச்சியில் ஒன்றாகப் பிணைந்து, எதிரெதிர்ச் சுவர்களோடு சேர்ந்து ஒரு பெரிய வாசல் நிலை போல வேலை செய்கின்றன. அந்த நிலைக்குக் கால் தரையில் லேசாக ஊன்றினால் போதும், வளைக்கும் விசை அடியில் ஏறக்குறையப் பூஜ்யமாகி, சுவரும் கூரையும் சேரும் மூலையில் உச்சத்துக்குப் போகிறது. அந்த மூலையில்தான் அலை மிகப் பெரிதாக இருக்கிறது. எங்கே வலு வேண்டுமோ அங்கே வடிவம் விரிகிறது, எங்கே வேண்டாமோ அங்கே ஒடுங்குகிறது. விசை எவ்வளவு என்று சுவரே காட்டிக்கொண்டு நிற்கிறது.

கூரையும் அலைதான். வளைவுக்கூரை எதுவானாலும் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும், அதைப் பிடித்துவைக்க இரண்டு சுவரையும் குறுக்கே இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவது பழைய வழி, தலைக்கு மேலே அந்தக் கம்பிகள் வரிசையாகத் தெரியும். இங்கே உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கம்பியும் தெரியாது. கூரை அலையின் பள்ளங்கள் கிட்டத்தட்டத் தட்டையாக இறங்குகிற இடங்களில், செங்கல்லுக்குள்ளேயே இழுகம்பிகளைப் புதைத்துவிட்டார். சுவர் உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரம் படுக்கைவாட்டு உத்தரமாக நின்று, கூரையின் தள்ளுவிசையை வாங்கி அந்தக் கம்பிகளிடம் சேர்க்கிறது. மழை வடியவும் அதுவே உதவுகிறது.

உள்ளே பூசு வேலை கிடையாது, எங்கும் செங்கல் நிறம். சுவரில் அங்கங்கே விட்ட சிறு துளைகளில் வண்ணக் கண்ணாடி. பீடத்தையும் மக்களையும் பிரிக்கும் தடுப்பு எதையும் அவர் வைக்கவில்லை, கத்தோலிக்க வழிபாட்டு முறையைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962-ல் கூடுவதற்கு முன்பே இதைச் செய்திருக்கிறார். வெளியே தள்ளி நிற்கும் மணிக்கூண்டு செங்கல்லாலேயே துளை துளையாகக் கட்டிய உருளை, பகலில் ஏறிப்போனால் சுவர் முழுக்க வெளிச்சம் சிதறும். 2021-ல் இந்தத் தேவாலயம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அதுவும் ஒரு எஞ்சினியரின் படைப்பு என்று பெயரிலேயே குறிப்பிட்டு.

சிக்கனத்தைப் பற்றி டியெஸ்தே பேசும்போது பிரபஞ்சச் சிக்கனம் என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துவார். பணத்தை மிச்சம் பிடிப்பதைத் தாண்டி, உலகம் இயங்கும் ஒழுங்கோடு நம் கட்டடமும் ஒத்துப்போக வேண்டும், தேவையில்லாத பொருளைக் குவித்து வலு தேடுவது அறிவுக்குறைவு என்பது அவர் எண்ணம். அப்புறம், வருகிறவர்கள் ஏழைகள்தானே என்று கட்டடத்தின் தரத்தைக் குறைக்கும் போக்கு அவரிடம் அறவே இருந்ததில்லை.

அவருடைய இன்னொரு தேவாலயம் நாட்டின் நடுப்பகுதியில் துராஸ்னோ என்ற ஊரில் இருக்கிறது. அங்கே பழைய தேவாலயம் 1967-ல் தீப்பிடித்து, முகப்பு மட்டும் தப்பியது. பின்னால் இருந்த கூடத்தை டியெஸ்தே புதிதாகக் கட்டினார், 1971-ல் முடிந்தது. இங்கே அலை கிடையாது. சுவரும் கூரையும் தட்டையான செங்கல் பலகைகள், தாளை மடித்த மாதிரி கோணத்தில் சேர்ந்திருக்கின்றன. சுமார் 32 மீட்டர் நீளத்துக்கு நடுக்கூடத்தின் பக்கச் சுவர்கள் இடையில் தூணே இல்லாமல் உத்தரம் போலத் தாண்டி நிற்கின்றன. கூரைக்கும் சுவருக்கும் நடுவே நெடுகிலும் ஒரு கீற்று இடைவெளி, மெல்லிய எஃகுக் கால்கள்மேல் கூரை உட்கார்ந்திருக்கிறது, கீழே நின்று பார்த்தால் அந்தக் கால்கள் கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் உள்ளே இறங்கும். வாசல் பக்கம் திரும்பினால் உயரத்தில் ஒரு பெரிய சன்னல், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அறுகோண வளையங்கள், அவையும் மெல்லிய செங்கல்தான், வளையங்களுக்கு நடுவில் வானம்.