கம்பிமுடி நாய்க்கு மொட்டை அடிக்காதீர்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் கிளினிக்கில் ஒரே கேள்விதான்: "டாக்டர், இவ்வளவு முடியோட இந்த வெயில்ல எப்படி இருப்பான்? மொட்டை அடிச்சிடலாமா?" கேட்டுவிட்டுச் செய்பவர்களிடமாவது பேச முடிகிறது. பலர் அடித்து முடித்த பிறகுதான் வருகிறார்கள். இந்த வாரமும் ஒரு ஜெர்மன் வயர்ஹேர்டு பாயின்டர், அதாவது கம்பிமுடி வேட்டைநாய் வந்தது. கழுத்திலிருந்து வால்வரை மெஷின் ஓடியிருக்கிறது, முதுகுத் தோல் வெயிலில் சிவந்திருக்கிறது, தோளில் சொறிந்து சொறிந்து ஈரப்புண். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இது எந்த வேலைக்கான நாய் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனி வேட்டைக்காரர்களுக்கு எல்லா வேலைக்கும் ஒரே நாய் தேவைப்பட்டது. வயலில் பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து அசையாமல் நின்று காட்ட வேண்டும், சுட்டு விழுந்ததை முள்ளிலும் குளிர்ந்த நீரிலும் புகுந்து எடுத்து வர வேண்டும், காயம்பட்டு ஓடிய விலங்கின் ரத்தத் தடத்தைக் காட்டுக்குள் தொடர வேண்டும். கிரிஃபான், ஸ்டிஷெல்ஹார், பூடல்பாயின்டர், குர்ஸ்ஹார் எனப் பல வேட்டைநாய் வழிகளைச் சேர்த்து உருவாக்கிய இனம் இது. ஜெர்மனியில் ட்ராட்ஹார் என்பார்கள். அதற்கான சங்கம் 1902இல் தொடங்கியது. நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுகிறவை. இது மூக்கால் தேடுகிற நாய். அந்த முள்ளுக்கும் நீருக்கும் உடம்பு தாங்க வேண்டும் என்றுதான் இந்த முடி.

மேல்முடி இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் நீளம், கம்பி மாதிரி விறைப்பு. அதற்கடியில் மெத்தென்ற அடிமுடி. முதுகில் பழுத்த, அதாவது முதிர்ந்து உதிரத் தயாரான முடி ஒன்றை வேரோடு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நுனிப் பக்கம் தடித்து, சொரசொரவென்று, நிறம் அடர்ந்து இருக்கும். வேர்ப் பக்கம் மெலிந்து, மென்மையாக, வெளிறி இருக்கும். முடிவெட்டும் மெஷின், அந்தக் கிளிப்பர், என்ன செய்கிறது? தடித்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, வெளிறிய அடித்தண்டை மட்டும் தோலில் விட்டுவைக்கிறது. செத்த முடி வேரோடு உள்ளேயே கிடக்கிறது. அதோடு, பெரும்பாலும் அடிமுடிதான் முந்திக்கொண்டு வளரும். அடுத்த சில மாதங்களில் நிறம் மங்கி, பஞ்சு போலாகி, தண்ணீரை உதறாமல் உறிஞ்சி, சிக்குப் பிடிக்கிற முடிதான் மிஞ்சும். "வளர்ந்துடும் சார், முடிதானே" என்கிறார் பார்லர்காரர். வளரும். பழைய முடியாக வளராது.

அடுத்து, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை: "முடி போனால் குளிர்ச்சி." நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது, காற்று பட்டால் ஆறுகிறது, அதனால் முடி வெட்டிக்கொண்டால் நமக்குச் சுகம். நாய்க்கு அப்படி வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். அது சூட்டை வெளியேற்றுவது முக்கியமாக வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான். நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. சென்னையில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடற்காற்றின் புழுக்கத்தில் அந்த ஈரம் ஆவியாக மறுக்கிறது. மதுரையில் 40 டிகிரியைத் தாங்குகிற நாய் இங்கே 36 டிகிரியில் தடுமாறலாம். முதுகு முடியை வழிப்பதால் காற்றின் ஈரம் குறைந்துவிடுமா? மாறாக, நேர் வெயிலைத் தடுத்துக்கொண்டிருந்த குடையும் போய்விடுகிறது. காற்றோட்டத்தைத் தடுப்பது செத்து அடைந்துபோன அடிமுடிதான். எடுக்க வேண்டியது அதை. அறுவை செய்யும் இடத்திலும் ஈரப்புண்ணைச் சுற்றியும் நாங்கள் ஷேவ் செய்வது சிகிச்சைக்காக. அதைக் காட்டி, "நீங்களே அடிக்கிறீங்களே டாக்டர்" என்று கேட்காதீர்கள்.

சரியான வழி கையால் பிடுங்குவது, ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங். கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். முடி பழுத்திருந்தால் வலிக்காது. பெரும்பாலான நாய்கள் தூங்கியே விடும். குளிப்பாட்டுவதற்கு முன்னால், உலர்ந்த முடியில் செய்யுங்கள், குளித்த முடி வழுக்கும். விரல்நுனியில் சாக்பீஸ் தூள் அல்லது ரப்பர் விரலுறை. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நாலைந்து முடியை மட்டும் நுனியில் பிடித்து, வளரும் திசையிலேயே சுருக்கென்று இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் வேர்க்கண் புண்ணாகும். கழுத்துக்குப் பின்னால் தொடங்கி முதுகு, விலா, தொடையின் வெளிப்புறம் என்று போங்கள். வயிறு, தொடை இடுக்கு, காதின் உட்புறம், மறைவிடம் ஆகியவற்றில் பிடுங்கக் கூடாது; மொட்டை முனைக் கத்தரியால் ஒதுக்கினால் போதும். நாய் துள்ளினால் முடி இன்னும் பழுக்கவில்லை என்று பொருள், இரண்டு வாரம் விடுங்கள். ஸ்ட்ரிப்பிங் கத்தி என்று விற்பது முடியைப் பற்றிக்கொள்ளும் கருவி. அதை வைத்து அறுத்தால் அதுவும் கிளிப்பர் வேலைதான். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், வருஷம் முழுக்க முடி புதிதாக இருக்கும். தோலில் புண்ணோ பொடுகோ இருந்தால் ஆறும்வரை தொடாதீர்கள்.

ஏற்கெனவே மொட்டை அடித்துவிட்டீர்களா? காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை வெயிலில் விடாதீர்கள். மனிதர்களுக்கான சன்ஸ்க்ரீன் பூசாதீர்கள், அதில் துத்தநாக ஆக்ஸைடு இருந்தால் நக்கி விழுங்கும்போது விஷம். முளைத்து வருகிற அடிமுடியை வாரத்துக்கு இரண்டு முறை சீவி எடுங்கள். மேல்முடி பிடியில் சிக்கும் அளவு வளர்ந்ததும் ஸ்ட்ரிப்பிங்கைத் தொடங்குங்கள். பொறுமையாகத் தொடர்ந்தால் விறைப்பு ஓரளவு திரும்பும்.

வெயிலைச் சமாளிப்பது நேரத்தைப் பொறுத்தது. நடைக்கு விடியற்காலை ஐந்து மணி. மாலையில் ஆறு மணிக்குக்கூடத் தார்ச்சாலை கொதிக்கும். புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. கத்தரி வெயில் நாட்களில் பகலில் மின்விசிறியும் நிழலும் தண்ணீரும் கட்டாயம். மூடிய பால்கனி நிழல் அல்ல, அடுப்பு.

அப்படியும் நாய் நிற்காமல் மூச்சிரைத்து, ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட், 105ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, அடிமுடி நனைந்து தோலில் படும்வரை ஊற்றி, விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். தயவுசெய்து பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல. நாயின் கல்லீரலுக்கு அந்த மாத்திரை கேடு.

"ஓய்வே இல்லை, சோபாவைக் கிழிக்கிறான், அதனால் நடையைக் கூட்டினேன்" என்கிறார்கள். இந்த வெயிலில் கூட்டாதீர்கள். இதன் மூக்குக்கு வேலை கொடுங்கள். ஒரு பழைய கையுறையை வீட்டில் ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். மொட்டை மாடியில், வெயில் ஏறுமுன், நல்லெண்ணெய் தோய்த்த துணியைத் தரையில் இழுத்துத் தடம் போட்டு, முடிவில் தின்பண்டம் வையுங்கள். இருபது நிமிட மோப்ப வேலையே இதை நன்றாகச் சோர்வடையச் செய்யும். வண்டலூர், தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் மயிலைக் கண்டால் அவிழ்த்துவிடாதீர்கள். நாயை விட்டு மயிலை வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். பெருச்சாளி விரட்டுவதையும் விளையாட்டு என்று விடாதீர்கள். மழைக்காலச் சாக்கடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். அந்தத் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டதா என்று அட்டையைப் பாருங்கள்.

தாடி அழகுதான். தயிர் சாதம் ஒட்டிப் புளித்தால் உதட்டு மடிப்பில் ஈஸ்ட் வளரும். சாப்பிட்டதும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். கடலில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தொங்கும் காதை உயர்த்தி உலரவிடுங்கள்; பட்ஸ் வேண்டாம். உண்ணியைக் கண்ணால் தேடாதீர்கள், இந்த முடிக்குள் தெரியாது. விரல்நுனியால் தோலைத் தடவிக்கொண்டே போங்கள், குறிப்பாகக் காது மடிப்பிலும் விரலிடுக்கிலும். சென்னையில் உண்ணிக்கு ஓய்வுக்காலம் இல்லை. மருந்து வருஷம் முழுக்க.

மூக்கில் ரத்தம் வந்தால் இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உண்ணிக்காய்ச்சல், எர்லிக்கியா. சரிதான். ஆனால் ரத்தத்தை நிறுத்த உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால், இந்த இனத்தில் பரம்பரையாக வருகிற, ரத்தம் எளிதில் நிற்காத வான் வில்லிபிராண்ட் நோயை நினைக்க வேண்டும். கருத்தடை அறுவைக்கு முன்பு ரத்தக் கசிவு நிற்க ஆகும் நேரத்தையும் வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவையும் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். குட்டி வாங்கும்போது தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள்; காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக வயிறு. ஆழமான மார்புள்ள நாய் இது. ஒரே வேளையில் மொத்தச் சோற்றையும் போட்டு, உடனே ஓடவிட்டால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் கூடும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். குமட்டிக் குமட்டி எதுவும் வெளியே வராமல், வயிறு பறைபோல் விறைத்து, நிலைகொள்ளாமல் அலைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓமத் தண்ணீர், ஜெலுசில் எதுவும் வேண்டாம். இதற்கு அறுவைதான், அதுவும் சில மணி நேரத்துக்குள். இரவில் அறுவை செய்யும் கால்நடை மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று இன்றே விசாரித்து, எண்ணைக் குடும்பத்தில் எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.