கிரேக்கமும் துருக்கியும் பக்கத்து ஊரு பாஷைதானேன்னு விட்டுடாதீங்க

நான் ஆப், வெப்சைட் இதெல்லாம் வேற வேற மொழிக்கு மாத்துற வேலைல இருக்கேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு சமையல் ஆப் வந்துச்சு, கிரேக்கத்துலயும் துருக்கி மொழிலயும் வெளிவரணும். க்ளையன்ட் சைடுல இருந்த தம்பி லிஸ்ட்ட பாத்துட்டு, "அண்ணா, இலைல அரிசி வச்சு மடிக்கிற டோல்மா ரெண்டுலயும் டோல்மாதான், கறி உருண்டைக்கு துருக்கில கொஃப்தே கிரேக்கத்துல கெஃப்தெஸ், தயிர்ப் பச்சடிக்கு துருக்கில ஜாஜிக் கிரேக்கத்துல ட்சாட்சிகி, பாதி வார்த்தை ஒண்ணுதானே, ஒரே ஆளு ரெண்டையும் செக் பண்ணிடட்டுமே"ன்னாரு. நான் அப்ப சரியா எதிர்த்துப் பேசல. அதோட விலைய பின்னாடி கொடுத்தோம், அதனாலதான் இத எழுதறேன்.

வார்த்தை ஒண்ணா இருக்குறது உண்மைதான், சாப்பாட்டுல மட்டுமில்ல. துறைமுகம் துருக்கில லிமான், கிரேக்கத்துல லிமானி. அஸ்திவாரம் அங்க தெமெல், இங்க தெமெல்யோ. இதெல்லாம் கிரேக்கத்துலேர்ந்து துருக்கிக்குப் போனது. தர்பூசணிக்கு கார்பூஸ், பைக்கு சாந்தா, இதெல்லாம் துருக்கிலேர்ந்து கிரேக்கத்துக்கு வந்தது. சட்டைப் பாக்கெட்ட துருக்கில ஜெப்ங்கறாங்க, கிரேக்கத்துல செப்பி, நம்ம தாத்தாமாருங்க ஜேப்பு, ஜோப்புன்னு சொன்னாங்களே அதுவும் அதே அரபி வேர்லேர்ந்து உருது வழியா வந்ததுதான். இஸ்தான்புல்ங்கற பேரே 'நகரத்துக்குள்ள'ன்னு அர்த்தம் வர்ற கிரேக்கப் பேச்சுலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. நூத்துக்கணக்கான வருஷம் ஒரே கடைத்தெருவுல பழகுன சனங்க, வார்த்தை கைமாறாம எப்படி இருக்கும்.

ஆனா கடன் வாங்குனது வேற, ரத்த சொந்தம் வேற. கிரேக்கம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்துல தனிக் கிளை. துருக்கிக்கு சொந்தக்காரங்க அஜர்பைஜானி, துர்க்மேன், உஸ்பெக் மொழிங்க. ஒரே விஷயத்த ரெண்டுலயும் சொல்லிப் பாருங்க, 'எங்க வீடுகள்லேர்ந்து'. துருக்கில எவ்னா வீடு, எவ்லெர்னா வீடுகள், எவ்லெரிமிஸ்னா எங்க வீடுகள், எவ்லெரிமிஸ்தென்னா எங்க வீடுகள்லேர்ந்து, ஒரே வார்த்தை முடிஞ்சுது. கிரேக்கத்துல 'அபோ தா ஸ்பித்யா மாஸ்', நாலு வார்த்தை, அதுல 'இருந்து'ங்கறது முதல்லயே வந்துடும். துருக்கி வாக்கியத்துல வினை பெரும்பாலும் கடைசில வரும், விகுதி மேல விகுதி ஒட்டும், நமக்கு ரொம்ப வசதி. அதுக்காக தமிழும் துருக்கியும் அக்கா தங்கச்சின்னு ஷேர் பண்ணாதீங்க ப்ளீஸ், அமைப்பு ஒத்துப்போறது சொந்தம் ஆகிடாது.

இப்ப அந்த ஆப்ல நடந்தது. துருக்கி எழுத்துல புள்ளி வச்ச ஐ (i) ஒண்ணு, புள்ளி இல்லாத ஐ (ı) ஒண்ணு, ரெண்டும் வேற வேற எழுத்து. புள்ளி இல்லாதது கிட்டத்தட்ட நம்ம குற்றியலுகரம், பாட்டு, காசுன்னு சொல்றப்ப கடைசில உதடு குவியாம வருதே அந்தச் சத்தம். எங்க ஃபான்ட்ல புள்ளி இல்லாத எழுத்தே இல்ல, சிஸ்டம் அதுவா புள்ளி வச்சத எடுத்துப் போட்டுடுச்சு. எலுமிச்சம்பழத்தப் பிழியுங்கன்னு ஒரு வரி. பிழியறதுங்கற அந்த வினைல புள்ளி ஏறுனா வீட்ல சொல்லவே முடியாத கெட்ட வார்த்தை. பத்துப் பதினஞ்சு ரெசிபில அப்படியே போச்சு, செக் பண்ணவங்க கிரேக்கக்காரங்க, அவங்களுக்கு அது தெரியவும் வாய்ப்பில்ல, துருக்கில ஒரு அம்மா பாத்துட்டு எழுதுன மெயில படிக்கும்போது எனக்குக் கை நடுங்குச்சு.

கிரேக்கத்துலயும் ஒண்ணு நடந்துச்சு, அது இன்னும் நுணுக்கம். கிரேக்கத்துல கேள்விக்குறி நம்ம அரைப்புள்ளி மாதிரியே இருக்கும், மேல புள்ளி கீழ கமா. ஃபைல க்ளீன் பண்ற ஸ்க்ரிப்ட், அதாவது சின்ன ப்ரோக்ராம், அத அரைப்புள்ளின்னு நெனச்சு தூக்கிடுச்சு. துருக்கியா இருந்தா தப்பிச்சிருப்போம், ஏன்னா 'கெல்தி' வந்தான், 'கெல்தி மி' வந்தானா, நம்ம ஆகாரம் மாதிரி கேள்விக்குன்னே ஒரு சொல் இருக்கு. கிரேக்கத்துல ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்விக்கு வார்த்தையே மாறாது, பேசும்போது குரல்தான், எழுதும்போது அந்தக் குறிதான். குறி போனதும் 'லிஸ்ட்ட அழிக்கணுமா'ன்னு கேக்க வேண்டிய எடத்துல 'லிஸ்ட்ட அழிக்கணும்'னு நின்னுச்சு, கீழ ஆமா இல்லன்னு ரெண்டு பட்டன். அந்த ஆமாங்கறது கிரேக்கத்துல 'நே', அதே சத்தம் துருக்கில 'என்ன?'.

இதவிட எனக்குக் கவலை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, அகதி விசாரணை மாதிரி எடத்துல துருக்கிப் பேச்ச இங்கிலீஷ் ஆக்கி அங்கேர்ந்து கிரேக்கம் ஆக்குறாங்களே அதுதான். துருக்கில 'இலாஜ அல்தி'ன்னா மருந்த எடுத்துக்கிட்டான், சொல்றவருக்கே நேரா தெரியும். 'இலாஜ அல்மிஷ்'னா எடுத்துக்கிட்டானாம், இல்லன்னா பாத்தா எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு. நம்ம 'ஆம்' ஒட்டு மாதிரிதான். அந்த மிஷ் இங்கிலீஷ்ல காணாமப் போயிடும், கிரேக்க வினைலயும் அதுக்குன்னு விகுதி கெடையாது, தனியா வார்த்தை போட்டுச் சொன்னாதான் உண்டு. கேள்விப்பட்டது கண்ணால பாத்த சாட்சியா மாறிப் போறத யோசிச்சுப் பாருங்க. அதே மாதிரி துருக்கில 'ஓ'ன்னா அவன், அவள், அது மூணும், கிரேக்கத்துல 'களைப்பா இருக்காங்க'ன்னு சொல்லணும்னா ஆணா பொண்ணான்னு தெரியாம வார்த்தையே போட முடியாது, மெஷின் ஊகிச்சுத்தான் போடும்.

மதத்தையும் மொழியையும் ஒண்ணாக் குழப்புனதுல எவ்வளவு பெரிய காயம் ஆகும்னு அந்த ரெண்டு நாட்டுக்கும் தெரியும். 1923ல சுவிட்சர்லாந்துல லோசான்ங்கற ஊர்ல ரெண்டு நாடும் மக்கள மாத்திக்கப் போட்ட ஒப்பந்தப்படி சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க கிரேக்கத்துக்கு, 4 லட்சம் போல முஸ்லிம்கள் துருக்கிக்குன்னு கணக்கு, அந்தக் கிறிஸ்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஒப்பந்தத்துக்கு முன்னாடியே போர்ல ஓடி வந்தவங்க. பிரிச்சது மதத்த வச்சு, மொழிய வச்சு இல்ல. துருக்கி மொழியவே கிரேக்க எழுத்துல எழுதிக்கிட்டிருந்த கராமான்லி கிறிஸ்தவங்க கிரேக்கம் தெரியாம கிரேக்கத்துல போய் எறங்குனாங்க, கிரேக்கம் மட்டுமே பேசத் தெரிஞ்ச கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக் கரையோரத்துல இருக்கற அய்வாலிக் பக்கம் வந்து சேந்தாங்க. சொந்த நாடுன்னு சொன்ன எடத்துல ரொட்டி கேக்கக்கூட வார்த்தை இல்லாம நின்னவங்கள நெனச்சா மனசு கனத்துப் போகுது.

இப்ப நான் பண்றது இதுதான். ரெண்டு மொழிக்கும் தனித்தனி ஆளு, அந்தந்த மொழில பொறந்து வளந்தவங்க, காசு கூட ஆனாலும் பரவால்ல. அரைப்புள்ளிய எந்த ஸ்க்ரிப்டும் தொடக்கூடாதுன்னு எழுதியே குடுத்துடறேன். புது ஃபான்ட் எது வந்தாலும் முதல்ல அந்த எலுமிச்சம்பழ வரிய டைப் பண்ணி, பெருசாக்கி, புள்ளி இருக்கான்னு பாத்துட்டுதான் அடுத்த வேலை.