இம்பாக்ட் ஃபேக்டர் உங்களோடது இல்லங்க, ஜர்னலோடது

போன புதன்கிழமை சாயங்காலம் லைப்ரரி மூடுற நேரத்துக்கு ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. பகல்ல ஒரு தனியார் காலேஜ்ல வேலை, பார்ட் டைம்ல பிஎச்டி. கையில ஒரு அக்செப்டன்ஸ் லெட்டர், அதாவது பேப்பர ஏத்துக்கிட்டோம்னு ஒரு ஜர்னல் (ஆராய்ச்சி இதழ்) குடுத்த கடிதம். "மேடம், ஸ்கோபஸ் ஜர்னல், இம்பாக்ட் ஃபேக்டர் 7.816, ரெண்டே நாள்ல அக்செப்ட் ஆயிடுச்சு, கமிட்டிக்கு இத வெரிஃபை பண்ணி ஒரு சைன் மட்டும் போட்டுக் குடுங்க"ன்னு கேட்டுச்சு. (ஸ்கோபஸ்ங்கறது ஜர்னல்கள்ல வர்ற பேப்பர்கள பட்டியல் போடுற ஒரு டேட்டாபேஸ். இம்பாக்ட் ஃபேக்டர்ங்கறது ஒரு ஜர்னல்ல வந்த பேப்பர்களுக்கு சராசரியா எத்தன சைட்டேஷன், அதாவது மேற்கோள், வந்திருக்குங்கற எண்.) எவ்வளவு கட்டினேம்மான்னு கேட்டேன். 24,000. வளையல அடகு வச்சுதான் கட்டியிருக்கு.

சைட்ட திறந்த ரெண்டாவது நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, அது க்ளோன் ஜர்னல். உண்மையான ஜர்னலோட பேரு, ஐஎஸ்எஸ்என்ங்கற அதோட அடையாள நம்பர், அட்டைப்படம் எல்லாத்தையும் எடுத்துப் போட்டு வேற அட்ரஸ்ல ஒரு கடை விரிச்சிருக்காங்க. ஒரிஜினல் ஜர்னலோட ஆர்கைவ்ல இவங்க சொல்ற வால்யூமே கிடையாது. அந்த மூணு டெசிமல பாத்தப்பவே எனக்கு சந்தேகம்தான், ஏன்னா 2023ல இருந்து உண்மையான இம்பாக்ட் ஃபேக்டர் ஒரே ஒரு டெசிமலோடதான் வெளிவருது. இந்த மாசத்துல மட்டும் இது நாலாவது கேஸ், அதனாலதான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன்.

பணம் போனத விட அந்த பொண்ணு அடுத்து கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. "அப்போ என் இம்பாக்ட் ஃபேக்டர் போயிடுமா மேடம்?" அந்த 'என்'ங்கற வார்த்தை. 16 வருஷமா யூனிவர்சிட்டி லைப்ரரியில பப்ளிகேஷன் லிஸ்ட் சரிபாக்குற வேலை பாக்குறேன், ஸ்காலர்ல இருந்து ப்ரொபசர் வரைக்கும் "என்னோட இம்பாக்ட் ஃபேக்டர் இவ்வளவு"ன்னுதான் சொல்றாங்க, பயோடேட்டாவுல எல்லாத்தையும் கூட்டி டோட்டல் போட்டு வர்றவங்களும் இருக்காங்க. அப்படி ஒரு டோட்டலே கிடையாதுங்க!

இம்பாக்ட் ஃபேக்டர கண்டுபிடிச்சவரு யூஜின் கார்ஃபீல்ட், அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல வேலை பாத்தவரு. 1955ல சயின்ஸ் பத்திரிகையில சைட்டேஷன் இன்டெக்ஸ்னு ஒரு யோசனைய எழுதினாரு, 1964ல சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் வந்துச்சு. யாரோட பேப்பர யாரு எடுத்தாண்டிருக்காங்கன்னு பாத்து ஒரு விஷயத்த பின்னாடியும் முன்னாடியும் தேடிப் போறதுக்கான கருவி அது. இம்பாக்ட் ஃபேக்டர் அந்த இன்டெக்ஸ்ல எந்த ஜர்னல சேக்கணும்னு முடிவு பண்றதுக்காக வந்தது, அப்புறம் எங்கள மாதிரி லைப்ரரிக்காரங்க எந்த ஜர்னலுக்கு சந்தா கட்டலாம்னு பாக்கறதுக்கு உதவுச்சு. மனுஷனுக்கு மார்க் போட வந்ததே இல்ல. சொல்லப்போனா புத்தகத்தையும் படிப்பையும் நம்பரால அளக்கலாம்ங்கறதுக்கு லைப்ராமெட்ரின்னு 1948லயே பேரு வச்சவரு நம்ம சீர்காழி ரங்கநாதன், மெட்ராஸ் யூனிவர்சிட்டியோட முதல் லைப்ரரியன், அவரும் யோசிச்சது லைப்ரரி வேலைய ஒழுங்கா நடத்தறதுக்காகத்தான்.

கணக்கு இதான். ஒரு ஜர்னல் 2022லயும் 2023லயும் சேத்து 200 பேப்பர் போட்டிருக்குன்னு வைங்க, அந்த பேப்பர்களுக்கு 2024ல 600 சைட்டேஷன் வந்தா 2024க்கான இம்பாக்ட் ஃபேக்டர் 3. அவ்வளவுதான். நீங்க 2025ல அங்க பேப்பர் போட்டா அந்த 3ல உங்க பங்கு பூஜ்யம், அது வேற யாரோ எழுதின பேப்பருக்கு வேற யாரோ குடுத்த சைட்டேஷன். ப்ளஸ் டூவுல ஸ்கூல் ஆவரேஜ் 520ன்னு சொன்னா உங்க பையன் 520 வாங்கிட்டான்னு அர்த்தமா? அதுவும் இது பெரும்பாலும் ரெண்டு மூணு பசங்க தூக்கிவிடுற ஆவரேஜ். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ-ன்னு ஒரு ஜர்னல், இம்பாக்ட் ஃபேக்டர் 2க்கு பக்கத்துல இருந்துச்சு. 2008ல ஜார்ஜ் ஷெல்ட்ரிக்ங்கறவரு அவரோட ஷெல்எக்ஸ் சாஃப்ட்வேர் பத்தி அதுல ஒரு பேப்பர் எழுதினாரு, படிக அமைப்பு கண்டுபிடிக்கிற எல்லாரும் அந்த சாஃப்ட்வேரத்தான் யூஸ் பண்றாங்கங்கறதால எல்லாரும் அத சைட் பண்ணாங்க, 2009ல ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் 49.926! அந்த ஒரு பேப்பர் ரெண்டு வருஷ கணக்க விட்டு வெளிய போனதும் மறுபடி 2க்கே வந்துருச்சு. அதே 2008ல அந்த ஜர்னல்ல எழுதின மத்தவங்க வேலை திடீர்னு இருபது மடங்கு ஒசந்து, அப்புறம் எறங்கிப் போச்சா? இத நான் ஒவ்வொரு ஓரியன்டேஷன்லயும் சொல்றேன், மறுநாளே ஒருத்தர் வந்து "எனக்கு இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு மேடம்"னு கேக்குறாரு.

ஆளுக்குன்னு இருக்கறது ஹெச் இன்டெக்ஸ், 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் குடுத்தது. உங்க பேப்பர்ல 10 பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 10 தடவ சைட் ஆகியிருந்தா 10. அதுவும் எந்த டேட்டாபேஸ்ல பாத்தீங்கங்கறத பொறுத்து மாறும், கூகுள் ஸ்காலர்ல அதிகமாத்தான் காட்டும், ஏன்னா அங்க மெஷின் கண்டதையும் எண்ணுது. 2010ல சிரில் லபேன்னு ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், ஐக் அன்ட்கேர்னு உலகத்துலயே இல்லாத ஒரு ஆள உருவாக்கி, கம்ப்யூட்டரே எழுதின அர்த்தமில்லாத பேப்பர் நூத்துக்கும் மேல போட்டு, ஒண்ண ஒண்ணு சைட் பண்ண வச்சாரு. கூகுள் ஸ்காலர்ல அந்த இல்லாத ஆளுக்கு ஹெச் இன்டெக்ஸ் 94. கணிதக்காரங்க ரெஃபரன்ஸ் கொஞ்சமா குடுப்பாங்க, பயாலஜிக்காரங்க ஏகப்பட்டது குடுப்பாங்க, அதனால மேத்ஸ் டிபார்ட்மென்ட்டையும் பயோடெக்கையும் ஒரே டேபிள்ல போட்டு ஒப்பிடுற கமிட்டிகள்ட்ட நான் சண்டையே போட்டிருக்கேன். சைட்டேஷன்னா பாராட்டுன்னும் நினைக்காதீங்க, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொன்ன, லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல 1998ல வந்த பேப்பர 2010ல திரும்ப எடுத்துட்டாங்க, அதுக்கு எக்கச்சக்க சைட்டேஷன், அதுல பெரும்பகுதி அது தப்புன்னு சொல்றதுக்காக வந்தது.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு சிக்கல், இனிஷியல். வெள்ளக்காரன் டேட்டாபேஸ் கடைசி பேர கேக்குது, நமக்கு அப்பா பேரோட முதல் எழுத்துதான் இருக்கு, ஒரு ஜர்னல்ல கே. செந்தில்குமார், இன்னொண்ணுல செந்தில்குமார் கே, மூணாவதுல செந்தில் குமார்னு ரெண்டா ஒடைச்சு குமார இனிஷியல் இல்லாம தனியா விட்டிருப்பாங்க. ஸ்கோபஸ்ல ஒரே ஆளுக்கு மூணு ப்ரொஃபைல் இருக்கும், இல்லன்னா நாலு செந்தில்குமார் ஒரே ப்ரொஃபைல்ல. போன வருஷம் ஒரு கெமிஸ்ட்ரி ஆசிரியர் ஃபைல்ல கண் ஆபரேஷன் பேப்பர் 11 இருந்துச்சு, அவருக்கே தெரியல. இது தப்பு இல்ல, ஆனா தெரிஞ்ச பிறகும் எண்ணிக்கைக்காக அப்படியே விட்டு வைக்கிறது தப்பு. ஆர்கிட் ஐடின்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணா குடுக்குற அடையாள எண் இருக்கு, இலவசம், பத்து நிமிஷ வேலை, பிஎச்டி பதிவு பண்ண அன்னிக்கே எடுத்துருங்க, முதல் பேப்பர்ல பேர எப்படி போட்டீங்களோ கடைசி வரைக்கும் அப்படியே போடுங்க.

வாட்ஸ்அப்ல "ஃபர்ஸ்ட் ஆத்தர் பொசிஷன் இருக்கு, செகண்ட் ஆத்தர் கம்மி ரேட்"னு, காசு குடுத்தா யாரோ எழுதின பேப்பர்ல உங்க பேர போடறதா வருதே, அத தொடாதீங்க. தொடவே தொடாதீங்க. 2023ல ஹிந்தாவிங்கற ஒரே பதிப்பகத்தோட ஜர்னல்கள்ல 8,000 பேப்பருக்கு மேல ரிட்ராக்ட் பண்ணாங்க, அதாவது செல்லாதுன்னு திரும்ப எடுத்துட்டாங்க. அந்த ரிட்ராக்டட்ங்கற முத்திரை உங்க பேரோட கடைசி வரைக்கும் வரும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி, இம்பாக்ட் ஃபேக்டர் வெளியிடுற க்ளாரிவேட் கம்பெனியோட மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்லயும் ஸ்கோபஸ் சோர்ஸ் லிஸ்ட்லயும் ஐஎஸ்எஸ்என் போட்டுப் பாருங்க, ரெண்டும் இலவசம். ஸ்கோபஸ்ல எந்த வருஷம் வரைக்கும் எடுத்திருக்காங்கன்னும் பாருங்க, நிறுத்தின ஜர்னலோட பேர வச்சே நிறைய வியாபாரம் நடக்குது. மெயில்ல வந்த லிங்க்ல போகாதீங்க, பதிப்பகத்தோட சைட் வழியா போங்க. 'குளோபல்', 'யுனிவர்சல்'னு அடைமொழி வச்ச இம்பாக்ட் ஃபேக்டர் எல்லாம் காசுக்கு விக்கிறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) லிஸ்ட்ல இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க, 2018ல 4,305 ஜர்னல நீக்கினாங்க, அப்புறம் அவங்களே கொண்டு வந்த கேர்ங்கற ஜர்னல் லிஸ்ட்டையும் 2025ல நிறுத்திட்டாங்க. 2022 யுஜிசி விதிப்படி பிஎச்டிக்கு பேப்பர் கட்டாயமும் இல்ல, உங்க யூனிவர்சிட்டி விதி தனியா இருக்கலாம், அத எழுத்துல கேட்டு வாங்குங்க.

கைடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்க பேரு போற பேப்பர தயவு செஞ்சு படிங்க சார். அந்த பொண்ணோட அக்செப்டன்ஸ் லெட்டர்ல ரெண்டாவது பேரு கைடோடது, எந்த ஜர்னலுக்குப் போச்சுன்னே அவருக்குத் தெரியல.

பேப்பர வித்ட்ரா பண்றேன்னு அந்த பொண்ணு மெயில் போட்டதுக்கு அந்த போலி ஜர்னல்காரங்க இன்னும் 9,000 கேக்குறாங்களாம். ஒரு பைசா அனுப்பாதம்மான்னு சொல்லிட்டேன், காப்பிரைட் ஃபார்ம்ல இன்னும் கையெழுத்து போடலங்கறது ஒரு நிம்மதி. உண்மையான ஜர்னலோட எடிட்டருக்கும் எழுதியிருக்கோம். ராத்திரி அந்த பேப்பர நானே உக்காந்து படிச்சேன், வாணியம்பாடி பக்கம் பாலாத்தங்கரையில தோல் பட்டறைக்குக் கீழ்ப்பக்கம் மூணு வருஷம் கிணத்துத் தண்ணி சாம்பிள் எடுத்து எழுதினது, நல்ல வேலை. ஆசிரியர்கிட்ட காசு வாங்காத ஜர்னல் ரெண்டு தேடி வச்சிருக்கேன், திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.