ராணியின் முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது?

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியின் சிற்றோவியங்களைப் பார்ப்பவர்களில் பலர், "முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறதே, அவ்வளவு பூச்சா?" என்று கேட்பார்கள். ராணி வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்டது உண்மைதான். ஆனால் ஓவியத்தில் தெரியும் வெளுப்புக்கு முக்கியக் காரணம் வெளிச்சம். பழைய காகித, தோல் ஓவியங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால் இதை அடிக்கடி விளக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் படங்களை வரைந்தவர்களில் முதன்மையானவர் நிக்கோலஸ் ஹில்லியர்ட். எக்ஸெட்டர் ஊர் பொற்கொல்லரின் மகன். லண்டனில் ராணியின் பொற்கொல்லரிடமே தொழில் பழகியவர். கன்றுத்தோலை மெல்லிசாகப் பதப்படுத்தி, சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டி, அதன்மேல் வேலம்பிசின் கலந்த நீர்வண்ணத்தில் வரைவார். அணில் முடித் தூரிகை. தலைப்பொடுகோ, பேசும்போது தெறிக்கும் எச்சிலோ படத்தில் விழக்கூடாது, நூல் உதிராத பட்டு உடுத்தி உட்கார வேண்டும் என்றெல்லாம் 1600 வாக்கில் அவரே எழுதி வைத்திருக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கும் படத்தில் ஒரு பொடுகுச் செதில் மூக்கின் அளவுக்குத் தெரியுமே!

முகத்துக்கு முதலில் வெளிறிய தோல் நிறத்தைச் சமமாகப் பூசிவிட்டு, கன்னத்துக்கும் உதட்டுக்கும் சாயத்திலிருந்து எடுத்த சிவப்பை நுண்ணிய கோடுகளாக இழுப்பார். அந்தச் சிவப்புக்கு வெளிச்சம் ஆகாது. அது மங்கி மறைந்ததும் அடிப்பூச்சுதான் மிஞ்சுகிறது. நாம் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான்.

முத்துக்களின் கதை வேறு. வெள்ளை வண்ணத்தைத் துளியாகத் திரட்டி வைத்து, அதன்மேல் பொட்டளவு வெள்ளி வைத்து, சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மினுக்குவார். சாய்த்துப் பிடித்தால் நிஜ முத்துபோல் ஒளி நகரும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுத்துவிட்டதால் இன்று ஒவ்வொரு முத்தின் மேலும் ஒரு கரும்புள்ளி. அழுக்கு என்று நினைத்து அதைத் துடைக்கத் துடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கறுப்போடு வெள்ளியும் போய்விடும்.

இவை சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்டவையே அல்ல. 1564ல் ஸ்காட்லாந்துத் தூதர் ஜேம்ஸ் மெல்வில்லைத் தன் படுக்கையறைக்கு அழைத்துப்போன எலிசபெத், ஒரு சிறு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே காகிதத்தில் சுற்றிய சிறு படங்கள், ஒவ்வொன்றின் மேலும் ராணியின் கையெழுத்தில் பெயர். ஒன்று லெஸ்டர் பிரபுவின் படம். அதைத் தங்கள் அரசி மேரிக்குக் கொண்டுபோகலாமா என்று மெல்வில் கேட்க, இது ஒன்றுதான் இருக்கிறது என்று ராணி மறுத்துவிட்டார். யாருக்குக் காட்டுவது, யாருக்குக் கொடுப்பது, யார் கழுத்தில் தொங்குவது என்பதெல்லாம் அரசவை அரசியல். இந்த ஒளிவுமறைவுதான் படங்களையும் காத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஹெனேஜ் பதக்கத்தில் ஹில்லியர்ட் வரைந்த ராணியின் முகம் மூடிக்குள்தான் இருக்கிறது. எலிசபெத்துக்குப் பின் ஆண்ட ஜேம்ஸ் மன்னர், தாமஸ் லைட் என்பவருக்குப் பரிசளித்த பதக்கத்துக்கும் வைரம் பதித்த மூடி உண்டு.

அரசவை ஆதரவு என்றதும் ஓவியர் செல்வத்தில் புரண்டார் என்று எண்ண வேண்டாம். ராணியை 1572லேயே வரைந்த ஹில்லியர்டுக்கு ஆண்டுக்கு 40 பவுண்டு மானியம் கிடைத்தது 1599ல்தான். 1617ல் மன்னரின் உருவப்படங்களைச் செதுக்கி அச்சிட 12 ஆண்டு தனியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு இன்னொருவரின் கடனுக்கு ஜாமீன் நின்ற வகையில் லட்கேட் சிறைக்கும் போனார். 1619ல் இறந்தார்.

சரி, இன்றைக்கு வருவோம். இந்தப் படங்கள் இருக்கும் கூடம் மங்கலாக இருந்தால் கோபப்படாதீர்கள். பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலேயே வெளிச்சம் வைப்பது வழக்கம். போன சிவப்பை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. உள்ளே நுழைந்து இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும், அப்புறம் பாருங்கள்.

யாரிடமாவது நீர்வண்ணத்தில் வரைந்த பழைய சிற்றோவியம் இருந்தால், முதலில் மேலே உள்ள கண்ணாடியைக் கவனிக்கச் சொல்லுங்கள். சில பழைய கண்ணாடிகள் ஈரத்தை இழுத்து, உட்புறம் நுண்ணிய துளிகளாகக் கசியும். வியர்த்திருக்கிறது என்று வெயிலில் காயவைப்பதும், சட்டத்தை நெம்பித் திறந்து ஈரத்துணியால் ஒற்றுவதும்தான் பலரும் செய்வது. அது வெறும் தண்ணீர் அல்ல, காரத்தன்மை (அல்கலி) கொண்ட கசிவு. படத்தில் சொட்டினால் வண்ணம் கரைந்து கறை விழும். வெயிலோ மிச்ச நிறத்தையும் கொண்டுபோகும், தோலையும் சுருட்டும். படத்தைப் படுக்கவைத்து, இருட்டான, ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில் வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். கண்ணாடியை மட்டும் மாற்றுவதோடு முடிகிற வேலைதான் பல நேரங்களில்.