இலைச்சுருள் நோய்க்குத் தக்காளியில் எதிர்ப்பு ஏற்றுவது எப்படி?

நாற்று நட்ட சில வாரங்களிலேயே இலைச்சுருள் நோய் வந்துவிட்டால், அந்தச் செடியில் காய் எதிர்பார்ப்பது வீண். நுனி இலைகள் மேல்நோக்கிக் கிண்ணம்போல் குவிந்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகிவிடும். வைரஸைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. மருந்து தெளித்தாலும், ஈ சாவதற்குள் சாறு உறிஞ்சி வைரஸை இறக்கியிருக்கும். காப்பு செடிக்குள்ளேயே இருப்பதுதான் நல்லது.

அந்தக் காப்புகளில் முக்கியமானது டிஒய்-1 மரபணு. பெரு, சிலி நாடுகளில் வளரும் சோலனம் சிலென்சே என்ற காட்டுத் தக்காளி இனம் இதைக் கொடுத்தது. இந்த மரபணு உருவாக்கும் நொதி, வைரஸின் டிஎன்ஏ மீது மீத்தைல் முத்திரைகள் (மரபணுவை இயங்கவிடாமல் செய்யும் சிறு வேதி ஒட்டுகள்) கூடுதலாக விழச் செய்து அதன் மரபணுக்களை அடக்குகிறது. வைரஸ் அடியோடு அழிவதில்லை; செடி பச்சைப்பசேலென்று இருந்தாலும் உள்ளே கொஞ்சம் இருக்கும்.

இந்த மரபணுவைக் கொண்டுவரக் காட்டினத்தோடு கலப்பு செய்ய, தக்காளியில் மறுநாள் விரியப்போகும் வெளிர்மஞ்சள் மொட்டில் மகரந்தக் கூம்பை இடுக்கியால் உருவி எடுக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் பூ தன்மகரந்தம் ஏற்றுவிடும். சூல்முடியில் காட்டினத்தின் மகரந்தத்தைத் தடவினாலும் கரு பெரும்பாலும் பாதியிலேயே கருகும். அதை எடுத்து ஆய்வகத்தில் ஊட்ட ஊடகத்தில் வளர்த்தாக வேண்டும்.

அதன்பின் பின்கலப்பு, அதாவது பிறந்த செடியை நல்ல தக்காளியோடு திரும்பத் திரும்பக் கலப்பது. காட்டினத்தின் பங்கு முதல் தலைமுறையில் 50 சதவீதம், பின்பு 25, 12.5 என்று பாதிபாதியாகக் குறையும். கணக்கு இப்படிச் சொன்னாலும், மரபணுவை ஒட்டிய துண்டு மட்டும் எளிதில் கழலாது. டிஒய்-1 இருக்கும் ஆறாவது குரோமோசோமில் காட்டினத்தின் துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. தக்காளியின் துண்டும் அதுவும் பொருந்தாததால் அங்கே குறுக்கே மாற்றம் (இரு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடப்பது அரிது. வேண்டாத காட்டுக் குணங்களும் கூடவே வந்துவிடும். டிஎன்ஏ குறியீட்டை (எந்தத் துண்டு யாருடையது என்று காட்டும் அடையாளத்தை) வைத்து நூற்றுக்கணக்கான நாற்றுகளைச் சலித்தால்தான் சிறிய துண்டுள்ள செடி அகப்படும்.

சோதனைக்கு வைரஸ் ஏறிய வெள்ளை ஈக்களை இளநாற்றுகள்மேல் விட வேண்டும். பக்கத்தில் நோய் எளிதில் தாக்கும் ரகத்தையும் கட்டாயம் வைக்க வேண்டும். அது முழுக்கச் சுருளாவிட்டால், மற்றவை பிழைத்தது எதிர்ப்பாலா, ஈ உட்காராததாலா என்று சொல்லவே முடியாது.

ஒரு மரபணுவை மட்டும் நம்பக்கூடாது. டிஒய்-2 என்ற இன்னொரு எதிர்ப்பு மரபணுவை மீறும் வைரஸ்கள் உண்டு; அதனால் அதோடு டிஒய்-3 என்ற எதிர்ப்பு மரபணுவையும் சேர்த்து அடுக்குகிறார்கள். வீரிய ஒட்டு ரகத்தில் ஒரு மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அதன் காயில் எடுத்த விதையை விதைக்கும்போது ஏறக்குறைய நான்கில் ஒரு செடிக்கு அந்த மரபணு கிடைக்காது. வெள்ளை ஈ வந்ததும் முதலில் சுருள்வது அவைதான்.