கஞ்சா வழக்கில் ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை: 64ஏ, 39 பிரிவுகள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 19 வயதுப் பையன் ஒருவன் இரண்டு கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எடை 20 கிராம். ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். வீட்டார் ஜாமீனுக்கு ஓடுவார்கள். சிகிச்சை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கடுமைக்குப் பேர்போன 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே (என்.டி.பி.எஸ்.) அதற்கு வழி இருக்கிறது. பிரிவு 64ஏ-யின்படி, போதைக்கு அடிமையான ஒருவர் மேல் உட்கொண்டதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்து, அவரே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். சிறு அளவு என்றால் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம் வரை. அதற்கு மேல் போனால் இந்த வழி இல்லை.

குற்றம் உறுதியான பிறகும் பிரிவு 39 இருக்கிறது. வயது, முன்நடத்தை, உடல், மன நிலை பார்த்து, அவர் சம்மதித்தால், நீதிபதி தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்பலாம். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு வந்து நிற்க வேண்டும். அது சரியாக இருந்தால் கண்டித்து, மூன்றாண்டு வரைக்கான நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவிக்கலாம். எல்லாம் 'லாம்'தான், கட்டாயமில்லை.

சரி, சிக்கல் எங்கே? 'அடிமை' என்ற சொல்லில். போதையைச் சார்ந்து வாழ்பவரையே சட்டம் அப்படிச் சொல்கிறது. தினமும் இழுப்பவனுக்கு விலக்கு, நண்பன் நீட்டியதை முதல்முறை இழுத்தவனுக்கு வழக்கு! கோணலான நியாயம்தான்.

அதனால் காகிதம் முக்கியம். ஓ.பி. சீட்டு, மனநல மருத்துவரின் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைசித் தாளில் 'மருத்துவர் ஆலோசனையை மீறி வெளியேறினார்' என்றிருந்தால் சிகிச்சையை முடித்தார் என்று வாதாட முடியாது. தனியார் மையமென்றால், பணம் கட்டும் முன்பே அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

நீதிமன்றம் தானாகக் கொடுக்கும் என்று காத்திருக்காமல், பிரிவு எண்ணைச் சொல்லி வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, கட்டணமில்லை.